"போன்ல தண்ணி பட்டிருக்கு, வாரன்ட்டி கிடையாது"ன்னு சொன்னா அப்படியே திரும்பி வராதீங்க

பெங்களூர்ல வேலை பாக்குற நம்ம பசங்க நிறைய பேர் ஏமாறுறது இப்படித்தான். ஈ.எம்.ஐ கூட முடிஞ்சிருக்காது, போன் செத்துப்போகும், சர்வீஸ் சென்டர்ல "வாட்டர் டேமேஜ், போர்டு மாத்தணும், காசு கட்டுங்க"ன்னு சொல்வாங்க, இவங்க தலைய ஆட்டிட்டு நேரா எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்குப் போய் யார்கிட்டயோ குடுத்து போன தொறந்துடுவாங்க. அதோட கேஸ் பாதி செத்துது, "வெளிய தொறந்திருக்கு"ன்னு ஒரே வரில கம்பெனி கழண்டுக்கும்.

சட்டம்னு பாத்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருள் கெட்டதுன்னா ரிப்பேர், மாத்தி குடுக்கறது, பணம் வாபஸ், நஷ்ட ஈடு எல்லாம் கேக்கலாம். மத்ததெல்லாம் நம்ம கையில இருக்கிற பேப்பர்தான்.

போன கவுன்ட்டர்ல வைக்கறதுக்கு முன்னாடியே சுத்தி வீடியோ எடுங்க. நிறைய மாடல்ல சிம் ட்ரேய வெளிய இழுத்து டார்ச் அடிச்சா ஒரு குட்டி ஸ்டிக்கர் தெரியும், தண்ணி பட்டா அது சிவந்துடும், அதையும் எடுத்து வச்சுக்கோங்க. ஒருவேளை சிவந்தே இருந்தாலும் தண்ணி பட்டிருக்குன்னுதான் அது காட்டும், அதனாலதான் போன் போச்சுன்னு காட்டாது. ஜாப் ஷீட்ல, அதாவது போன வாங்கிக்கும்போது அவங்க குடுக்கற ரசீதுல, என்ன எழுதறாங்கன்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க, நீங்க சொன்ன கம்ப்ளெயின்ட் இல்லாம "பாடில டென்ட்" (நசுங்கல்)னு மட்டும் எழுதி நீட்டுவாங்க. வாரன்ட்டில பண்ண முடியாதுன்னா அதையும் காரணத்தோட எழுதித் தரச் சொல்லுங்க. தரலைன்னா அன்னிக்கே கம்பெனிக்கு மெயில் போடுங்க. கவுன்ட்டர்ல நிக்கிற பையன்கிட்ட கத்தி பிரயோஜனம் இல்ல, அவனும் சம்பளத்துக்கு நிக்கறான்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். ஆனா அது கோர்ட் இல்ல. உங்க புகார கம்பெனிக்கு அனுப்புவாங்க, "பாலிசிப்படி ரிஜெக்ட்"னு பதில் வந்தா ஃபைல மூடிடுவாங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு பலபேர் நினைக்கறது இங்கதான். இன்னும் முடியல, 1915ல குடுத்த டாக்கெட் நம்பர (புகார் எண்) எடுத்துட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், 1915ல பேசிட்டிருக்கோம்னு அந்தக் கணக்கு நிக்காது.

"எங்க வாங்கினீங்களோ அங்க போய் போடுங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போன் ஊர்ல வாங்கினதா இருந்தாலும் நீங்க குடியிருக்கிற இடத்துல, வேலை பாக்குற இடத்துல போடலாம். ஆதார்ல ஊர் அட்ரஸ்தான் இருக்கும், அதனால வாடகை அக்ரிமென்ட்டோ ஆபீஸ் லெட்டரோ சேத்து வைங்க. நுகர்வோர் கேஸுக்கான அரசு வெப்சைட் இ-ஜாக்ரிதில ஆன்லைன்லயே பதியலாம், பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. கடைக்காரர், கம்பெனி ரெண்டு பேரையும் எதிர்தரப்பா போடுங்க, ஒருத்தர விட்டா இன்னொருத்தர் அவர் மேல கைய காட்டுவார். பில்லு கம்பெனி பேர்ல ஜிஎஸ்டி நம்பரோட இருந்தா "இது வியாபாரத்துக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்ல"ன்னு மடக்குவாங்க, ஜிஎஸ்டி கிரெடிட்டுக்கு (கட்டின வரிய கழிச்சுக்கறதுக்கு) ஆசப்பட்டு அப்படி வாங்கறவங்க யோசிச்சுக்கோங்க.

பழுது தயாரிப்புலயே இருந்துச்சான்னு லேப்ல டெஸ்ட் பண்ணச் சொல்லி மனுலயே கேளுங்க, லேப் காச மொதல்ல உங்களையே கட்டச் சொல்லலாம். தீர்ப்பு 3 மாசம், டெஸ்ட் இருந்தா 5 மாசம்னு சட்டத்துல எழுதியிருக்கு. எழுதினவங்க வாய்தான்னு ஒண்ணு இருக்கறத மறந்துட்டாங்க போல, எவ்வளவு இழுத்தாலும் தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த போன யாரையும் தொறக்க விடாதீங்க.