மெத்தோட்ரெக்சேட்: எந்தக் கிழமை போடுகிறீர்கள்?

போன வாரம் ஒரு அம்மா வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டு மருந்துக்கடைக்கு வந்தார். தண்ணீர் குடித்தாலே எரிகிறதாம். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை என்று எழுதிக் கொடுத்தது. வலி தாங்காமல் ஒன்பது நாளாகத் தினமும் போட்டிருக்கிறார். நான் ஜெல் கொடுக்கவில்லை. கூட வந்த மகனிடம் விஷயத்தைச் சொல்லி, அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பினேன். இந்த வருடத்தில் நான் பார்த்த மூன்றாவது ஆள் இவர்.

தயவுசெய்து கேளுங்கள். இது வலி மாத்திரை இல்லை. இன்று போட்டால் நாளை வலி குறையாது, இரண்டு போட்டாலும் குறையாது. நம் உடம்பையே தாக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து இது. பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். ஒருமுறை போட்டது செல்களுக்குள் தங்கி நாள்கணக்கில் வேலை செய்வதால்தான் வாரம் ஒருமுறை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்க முடியாமல் திணறும். அந்த வாய்ப்புண் அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். உயிரே போகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சக மருந்தாளுநர்களுக்கும் சொல்கிறேன். அந்த அம்மாவின் உறையில் யாரோ "காலை 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கிழமையை முழுதாக எழுத எவ்வளவு நேரம் ஆகும்? 2.5 மி.கி. மாத்திரை ஆறு என்றால் 15 மி.கி. அதே ஆறை 10 மி.கி. அட்டையிலிருந்து கொடுத்தால் 60. அட்டையை இன்னொரு முறை பாருங்கள். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் பெரும்பாலும் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான். இரண்டையும் ஒரே உறையில் போடாதீர்கள்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது. கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் போடலாம். அதையும் தாண்டிவிட்டால் அடுத்த வாரம்தான், அப்போதும் இரட்டிப்பாக வேண்டாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல், மூச்சுத்திணறல், காரணமில்லாத ரத்தக்கட்டு, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள். டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மாத்திரை இதோடு சேரவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். அப்புறம், மருந்தோடு வரும் துண்டுச்சீட்டில் புற்றுநோய்க்கான மருந்து என்று இருப்பதைப் படித்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒவ்வொரு முறை இந்த மாத்திரை வாங்க வரும்போதும் எந்தக் கிழமை போடுகிறீர்கள் என்று கேட்பேன். பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன், என்னிடமே கேட்கிறீர்களா என்று கோபிக்காதீர்கள். ஒரு கிழமையின் பெயரைச் சொல்லுங்கள், உடனே எடுத்துத் தருகிறேன்.