ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் தாளைப் பாருங்கள்

போன ஞாயிறு காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு ஒரு அப்பா வந்தார். மகள் பத்தாவது படிக்கிறாள், பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்து எட்டு மாதம். "சார், துப்பாக்கிலதான் ஏதோ கோளாறு. எல்லாமே லெஃப்ட்ல கீழ போச்சு. நானே வீட்ல சைட்டைத் திருப்பினேன். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடியும் அலையுது." சைட் என்றால் குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் சின்ன அமைப்பு; திருகைச் சுற்றி அதை நகர்த்தலாம். அவர் சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். எனக்குப் பயமே அதைப் பார்த்தால்தான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். பத்து குண்டுகளில் நாலு, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிற மாதிரி, தாளைக் கடிகாரமாக நினைத்தால் இரண்டு மணிப் பக்கம். மற்றவை நடுவிலிருந்து ஏழு மணிப் பக்கம் வரை சிதறிக் கிடந்தன. கதை அதிலேயே இருக்கிறது. அந்த நாலும் அவள் ஒழுங்காக விட்ட குண்டுகள். அப்பா சைட்டை மேலே வலப்பக்கம் ஏற்றிவிட்டதால் அங்கே போயிருக்கின்றன. சிதறியவை டிரிகரை வெடுக்கென்று இழுத்தவை. அவளுடைய தப்புக்கு ஏற்றபடி சைட்டை வைத்ததில், நல்ல குண்டுக்குத்தான் தண்டனை.

வலது கைக்காரர்களுக்குக் கீழ் இடது என்பது ரொம்பப் பழகிய வியாதி. போட்டி விதிப்படி டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதை ஆள்காட்டி விரல் மட்டும் நேர் பின்னால் அழுத்தாமல், மொத்தக் கையும் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் பிழிந்தால் முனை கீழே சாயும்.

சாய்வது எவ்வளவு என்று கேட்பார்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் 1 மி.மீ. விலகினால், பத்து மீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட 28 மி.மீ. ஆகிவிடும். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வளையத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். ஆனால் இரண்டு சைட்டும் சீராக இருந்து கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால், அந்தக் குண்டு பத்திலேயே இருக்கும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் என்கிற குண்டு 4.5 மி.மீ. இதனால்தான் கை ஆடுகிறதே என்று அழாதீர்கள் என்கிறேன். ஆட்டம் எல்லோருக்கும் உண்டு. கண் முன் சைட்டில் இருக்கட்டும்; டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அந்தப் பெண்ணிடம் ஒரு சோதனை செய்தேன். பிஸ்டலை மேசையில், முனை டார்கெட் பக்கமாக வைத்து, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நானே தயார் செய்தேன். சில தடவை பெல்லட், சில தடவை வெறும் டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் இழுப்பது. எது என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது தடவை பெல்லட் இல்லை. 'டிக்' என்ற சத்தத்தோடு முனை சட்டென்று ஏழு மணிப் பக்கம் குனிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

சைட்டைத் தொடவே கூடாதா? தொடலாம். மூன்று தாளில் பத்துப் பத்தாகச் சுட்டு, மூன்றிலும் குரூப், அதாவது குண்டுகள் விழுந்த கூட்டம், இறுக்கமாக ஒரே இடத்தில் தள்ளி விழுந்தால் தாராளமாகத் திருப்புங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். திருகின் ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ., திருகு எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; கையேட்டைப் பாருங்கள். ரேஞ்ச் மாறினால், வெளிச்சம் மாறினால் ஓரிரு கிளிக் தேவைப்படுவதும் சகஜம்.

நம்மூர் மே மாதத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளங்கை வியர்த்து கிரிப் ஒரு நூல் வழுக்கினாலே குரூப் நகர்ந்துவிடும். திருகுக்குப் போகும் முன் துண்டால் கையைத் துடைத்து, பிடியை முதலிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

அவளுக்கு இரண்டு வாரத்துக்கு வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் மட்டும், தினம் இருபது நிமிஷம். பெல்லட் டப்பா அடுத்த அறையில் இருக்க வேண்டும், பெல்லட் போடும் சேம்பர் காலி என்று அப்பாவும் பார்க்க வேண்டும். சைட்டைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது.