குளோன் எடுத்த டிஸ்க் வேறு கம்ப்யூட்டரில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பழைய ஹார்டு டிஸ்க்கைக் குளோன், அதாவது விண்டோஸோடு சேர்த்து அச்சு அசல் நகல், எடுத்து எஸ்எஸ்டியில் ஏற்றி அதே கம்ப்யூட்டரில் மாட்டினால் பெரும்பாலும் எந்த வம்பும் இல்லாமல் ஓடிவிடும். அதே எஸ்எஸ்டியை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். லோகோ வரும், அதன் கீழே புள்ளிகள் கொஞ்ச நேரம் சுற்றும், அப்புறம் நீலத்திரை. அதில் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருக்கும். குளோன் சரியாக விழவில்லை என்று நினைத்து வேறு மென்பொருளை வைத்து மறுபடி எடுப்பார்கள், கேபிளை மாற்றுவார்கள், எஸ்எஸ்டியையே சந்தேகப்படுவார்கள், ராத்திரி முழுக்க இது நடக்கும், காலையிலும் அதே நீலத்திரைதான். உண்மையில் குளோன் மேல் ஒரு தப்பும் இல்லை. பழைய மதர்போர்டைப் பற்றி விண்டோஸ் குறித்து வைத்திருந்ததெல்லாம் ஒன்று விடாமல் கூடவே வந்துவிட்டது, சிக்கல் அங்கேதான்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி வரும். புள்ளிகள் சுற்றும் வரை வந்துவிட்டதே, அதுவே டிஸ்க்கிலிருந்து படித்து வந்ததுதானே, பிறகு எப்படி டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது?

ஏனென்றால் டிஸ்க்கைப் படிப்பவர்கள் இரண்டு பேர். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது மதர்போர்டு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர், பழைய பேச்சில் பயாஸ், இப்போது யூஇஎஃப்ஐ. தன் போர்டில் டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் எது, அதோடு எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அது விண்டோஸின் பூட் மேனேஜரைப் படித்துக் கிளப்பும், பூட் மேனேஜர் வின்லோடு என்ற சின்ன நிரலை அழைக்கும். வின்லோடிடம் டிஸ்க் டிரைவர், அதாவது கன்ட்ரோலரோடு பேசத் தெரிந்த நிரல், எதுவும் கிடையாது. வேண்டியதையெல்லாம் ஃபர்ம்வேரிடம் கேட்டுத்தான் வாங்கும். அப்படி வாங்கி, விண்டோஸின் மையமான கெர்னலையும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியையும், தொடக்கத்திலேயே வேண்டும் என்று குறித்து வைத்த டிரைவர்களையும் மெமரியில் ஏற்றி, கெர்னலை ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதோடு ஃபர்ம்வேரின் கைத்தாங்கல் முடிந்தது. இனி டிஸ்க்கைக் கெர்னல் தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்த டிரைவர் ஏற்கெனவே மெமரிக்கு வந்திருந்தால் சரி. வரவில்லையென்றால், அது சி டிரைவில் பத்திரமாக இருந்தும் பயனில்லை, பீரோவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதைதான். நீலத்திரை விழுவது இந்தக் கைமாறும் இடத்தில்.

சரி, எந்த டிரைவர் முதலிலேயே ஏற வேண்டும் என்று எது முடிவு செய்கிறது? ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு டிரைவருக்கும் 'ஸ்டார்ட்' என்று ஓர் எண் உண்டு. 0 என்றால் வின்லோடே ஏற்றிவிட வேண்டும், 3 என்றால் தேவைப்படும்போது ஏற்றினால் போதும், 4 என்றால் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 7-ஐ நிறுவும்போது அந்த மெஷினில் உள்ள கன்ட்ரோலரின் டிரைவருக்கு 0 விழும், பயன்படாதவற்றுக்கு 3 விழும். டிஸ்க்கோடு பேசும் பழைய முறையான ஐடிஇ-யில் நிறுவிவிட்டு அப்புறம் பயாஸில் புது முறையான ஏஹெச்சிஐ-க்கு மாற்றியவர்கள் நீலத்திரை பார்த்தது இதனால்தான். டிஸ்க்கைக் கழற்றக்கூட இல்லை, ஒரே ஓர் அமைப்பை மாற்றியதற்கே அந்தக் கதி. விண்டோஸ் 8-இல் இந்த வேலைக்கு 'ஸ்டார்ட் ஓவர்ரைடு' என்று தனிக் குறிப்பு வந்தது, ஆனால் நோக்கம் அதேதான், இந்த மெஷினுக்குத் தேவையில்லாததை ஓரங்கட்டி பூட் ஆகும் நேரத்தை மிச்சப்படுத்துவது.

இன்டெல் மெஷினிலிருந்து ஏஎம்டி மெஷினுக்குப் போனால்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மதர்போர்டில் பிசிஐ என்ற உள் இணைப்பில் உள்ள ஒவ்வொரு சாதனமும் தன்னை எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்கிறது: தயாரிப்பாளர் எண் இன்டெல்லுக்கு 8086, ஏஎம்டிக்கு 1022, அதோடு தான் எந்த வகை என்று ஒரு வகை எண். டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலர் ஏஹெச்சிஐ முறையில் ஓடினால் அதன் வகை எண் 010601. இதில் முதல் 01 சேமிப்புச் சாதனம் என்பதற்கு, 06 சாட்டாவுக்கு, கடைசி 01 ஏஹெச்சிஐ-க்கு. சாட்டாவுக்குப் பதில் பிசிஐ வழியே நேராகப் பேசும் என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் 010802. விண்டோஸோடு வரும் ஸ்டோர்ஏஹெச்சிஐ, ஸ்டோர்என்விஎம்இ டிரைவர்கள் தயாரித்தது யார் என்று பார்ப்பதில்லை, வகை எண் பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு மெஷினும் ஏஹெச்சிஐ-யில் இருந்தால் இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குக்கூட நோகாமல் மாறலாம். ஒரே கம்பெனி, ஒரே வரிசை லேப்டாப்பாக இருந்தும் ஒன்று ஏஹெச்சிஐ, மற்றது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறை என்றால் தகராறு வரலாம். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்கள் விஎம்டி என்ற அமைப்போடு வருகின்றன. அது என்விஎம்இ எஸ்எஸ்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தன் டிரைவர் இருந்தால்தான் காட்டும். குளோனில் அந்த டிரைவர் பெரும்பாலும் இருக்காது.

ஆகவே கழற்றி மாட்டுவதற்கு முன்பே புது மெஷினின் பயாஸுக்குள் போய் ஸ்டோரேஜ் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். விஎம்டி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடலாம், ஆனால் அந்த லேப்டாப்போடு வந்த பழைய விண்டோஸ் இன்னும் வேண்டும் என்றால் அது பூட் ஆகாமல் போகும், யோசித்துச் செய்யுங்கள். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: பழைய மெஷினில் இருக்கும்போதே எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் என்பதை டிக் செய்துவிட்டுக் குளோன் எடுங்கள். பழுது பார்ப்பதற்கான சேஃப் மோடில் ஏறும்போது விண்டோஸ் ஓரங்கட்டி வைத்த தன் ஸ்டோரேஜ் டிரைவர்களையும் ஏற்றிப் பார்க்கும், எது பொருந்துகிறதோ அதை அடுத்த முறைக்குக் குறித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஏறிவிட்டால் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதுதான். பழைய மெஷினிலும் அந்த டிக்கை மறக்காமல் எடுங்கள். சேஃப் மோடில் விண்டோஸில் நுழையும் பின் (PIN) எண் கைவிடக்கூடும், பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும்.

நீலத்திரை வரைகூட வராமல், பூட் டிவைஸே இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்தால் அது வேறு விவகாரம். யூஇஎஃப்ஐ மெஷினில் எந்த டிஸ்க்கின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற குறிப்பு டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்க் இடம் மாறும்போது அந்தக் குறிப்பு பழைய போர்டிலேயே தங்கிவிடும். குறிப்பு இல்லாதபோது ஃபர்ம்வேர் டிஸ்க்கில் 'பூட்எக்ஸ்64' என்ற பொதுவான கோப்பைத் தேடிப் பார்க்கும், அது கிடைத்தால் பிழைத்தோம். அந்தக் கோப்பு இருப்பது பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷனில். சி டிரைவை மட்டும் குளோன் எடுத்தவர்கள் கோட்டை விடுவது இதைத்தான். விண்டோஸ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க்பார்ட் கட்டளையால் அந்தப் பார்ட்டிஷனை உருவாக்கி, பிசிடிபூட் கட்டளை கொடுத்தால் பூட் கோப்புகளை அதில் மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் முழு டிஸ்க்கையும் குளோன் எடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்து, புது போர்டு யூஇஎஃப்ஐ மட்டும் தெரிந்ததாக இருந்தால் 2017 முதல் விண்டோஸ் 10-இல் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி அதை யூஇஎஃப்ஐ-க்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு டேட்டா போகாமல் மாற்றித் தரும். இருந்தாலும் பேக்கப் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்த சாவி, மதர்போர்டில் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப் இருந்தால் மட்டுமே திறக்கும்படி கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. போர்டு மாறினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது, பலருக்கு அது ஓடுவதே தெரியாது. பழைய மதர்போர்டு செத்துப்போய், கீயும் இல்லாமல் டிஸ்க் மட்டும் கையில் இருந்தால் குழந்தையின் போட்டோவிலிருந்து கடைக் கணக்கு வரை எதையும் மீட்க வழியில்லை. இன்றைக்கே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாற்றும் அன்று பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மாற்றினால் கேள்வியே எழாது.

விண்டோஸ் லைசென்ஸ் விஷயத்தில் பெரிதாக ரகசியம் இல்லை. லேப்டாப்போடு வந்த ஓஇஎம் கீ, அதாவது தயாரிப்பாளரே போட்டுத் தரும் கீ, அந்த போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும், அது டிஸ்க்கோடு வராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் கீ என்றால் கூட்டிக்கொண்டு போகலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு இதில் பாதித் தலைவலி கிடையாது. கெர்னலோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற பொட்டலமும் மெமரிக்கு வருகிறது, உபுண்டு, டெபியன் போன்றவை அதில் இந்த மெஷினுக்கு வேண்டியதை மட்டும் வைக்காமல் பரவலாகப் பயன்படும் ஸ்டோரேஜ் டிரைவர்கள் எல்லாவற்றையும் திணித்து வைக்கின்றன. ஃபெடோரா அந்தந்த மெஷினுக்கு ஏற்றபடி சுருக்கிக் கட்டும், ஆனாலும் ரெஸ்க்யூ என்ற பூட் தேர்வில் முழுப் பொட்டலத்தையும் தனியாக வைத்திருக்கும்; புது மெஷினில் முதல் தடவை அதில் ஏறி, டிராகட் கட்டளையால் பொட்டலத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பிறகு மிஞ்சுவது நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருப்பது போன்ற சில்லறை வேலைகள்.