பிளவுஸ் பேட்டர்னைச் சுத்தி ஒரு இஞ்ச் கூட்டி வெட்டாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்

தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு. போன வாரம் செந்தூல்ல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, கையில ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள தைச்சு பிரிச்சு மறுபடி தைச்சு மறுபடி பிரிச்ச ஒரு காஞ்சிபுரம் பட்டு பிளவுஸ். "கை மட்டும்தான்மா பிடிக்குது, கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுத்தீங்கன்னா போதும்"னாங்க. விரிச்சுப் பார்த்தா முன்னாடி டார்ட், அதாவது மார்புக்கு வடிவம் குடுக்கிற மடிப்புத் தையல், பிரிச்ச இடத்துல ஊசி போன ஓட்டை வரிசையா அப்படியே நிக்குது. காட்டன்னா ஒரு தடவை அலசி அயர்ன் பண்ணா மறைஞ்சிடும், பட்டுல எங்க மறையும்? சேலையோட வந்த பிளவுஸ் பீஸ் வேற, 80 சென்டிமீட்டர், மிச்சம் ஒரு கைக்குட்டை அளவு கூட இல்ல. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாத் துணிக்கடைங்கள்ல தேடினாலும் அதே கலர் அதே ஜரிகை கிடைக்காது.

நான் துணி தைச்சுக் குடுக்கிற ஆள் இல்ல, வீட்டுல தைக்கிறவங்களுக்கு பேட்டர்ன், அதாவது துணி வெட்டுறதுக்கான அளவுப் பேப்பர், போட்டுக் குடுக்கிறவ. அதனால என்கிட்ட வர்ற கேஸ் எல்லாமே துணியில ஆரம்பிக்கிறதில்ல, பேப்பர்லயே கெட்டுப் போயிருக்கும். கேட்டேன், பேப்பரைக் காட்டுங்கன்னு. காட்டினாங்க. என்னோட 36 சைஸ் பேட்டர்ன், சில வருஷம் முன்னாடி வாங்கினது. அதை மாஜோங் பேப்பர்ங்கிற பெரிய வெள்ளைத் தாள் மேல வச்சு, சுத்தி ஸ்கேல் பிடிச்சு, எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் கூட்டி கோடு போட்டு வெட்டியிருக்காங்க. ரொம்ப அழகா, ரொம்ப பொறுமையா. இப்ப அவங்க உடம்பு 40. "36ல இருந்து 40 ஆகணும், நாலு இஞ்ச், முன்னாடி ரெண்டு பக்கம் பின்னாடி ரெண்டு பக்கம், ஆளுக்கு ஒரு இஞ்ச்னு கணக்குப் போட்டேன்"னாங்க.

கணக்கு சரிதான்லா! அதுதான் பிரச்சனையே. மார்புச் சுத்தளவு டேப் வச்சு அளந்தா கரெக்ட்டா நாலு இஞ்ச் கூடியிருக்கும், அதைப் பார்த்துட்டு சந்தோஷமா துணியை வெட்டிடறாங்க. இந்த ஒரே ஒரு நம்பிக்கையால எத்தனை பட்டு, எத்தனை சாட்டின், எத்தனை நல்ல லினன் குப்பைக்குப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும், அதனால இதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

ஒரு முன்பக்கப் பேப்பரை எடுத்து மேசையில வைங்க. சைடுல ஒரு இஞ்ச் கூட்டினீங்க, சரி. ஷோல்டர் மேலயும் ஒரு இஞ்ச் கூட்டினீங்க. கழுத்து வளைவுல? அங்கயும் கூட்டினீங்க. கழுத்துங்கிறது ஓட்டை, துணி கிடையாது. ஓட்டையைச் சுத்தி கூட்டினா ஓட்டை சின்னதாகும். ரெண்டு பக்கமும் சேர்த்து கழுத்து அகலம் 2 இஞ்ச் குறைஞ்சு போச்சு. உடம்பு பெருசாச்சு, கழுத்து சின்னதாச்சு, எப்படி இருக்கும்? அதே நேரம் ஷோல்டர் கழுத்துப் பக்கம் ஒரு இஞ்ச் உள்ள வந்திருக்கு, கைப் பக்கம் ஒரு இஞ்ச் வெளிய போயிருக்கு, ஒரு ஷோல்டருக்கே 2 இஞ்ச் நீளம் ஏறியாச்சு. எடை கூடினா யாருக்கும் தோள் எலும்பு 2 இஞ்ச் வளராது. மார்பு 2 இஞ்ச் கூடுற ஒவ்வொரு சைஸுக்கும் நான் ஷோல்டர் கோட்டுல அரைக்கால் (1/8) இஞ்ச்தான் கூட்டுவேன், அதுக்கு மேல கை போகாது.

அப்புறம் டார்ட். டார்ட் முனை பேப்பர்ல அதே இடத்துலதான் இருக்கு, யாரும் நகர்த்தல. ஆனா ஷோல்டர் ஒரு இஞ்ச் மேல ஏறிடுச்சு. போட்டா பிளவுஸ் தோள்ல இருந்துதானே தொங்கும்? அப்ப டார்ட் முனை ஒரு இஞ்ச் கீழ இறங்கிடும். கண்ணாடில பார்த்தா மார்புக்குக் கீழ துணி பொம்முனு நிக்கும், மேல இழுக்கும். இதைத்தான் "பிளவுஸ் ஏதோ சரியில்ல, என்னன்னு தெரியல"ன்னு சொல்வாங்க.

ஸ்லீவ் இன்னும் மோசம். ஆர்ம்ஹோல், அதாவது கை நுழையற ஓட்டை, உள்வாங்கின வளைவு, அதுல கூட்டினாலும் நீளம் பெருசா மாறாது. ஸ்லீவோட மேல் வளைவு வெளிய தள்ளிக்கிட்டு இருக்கிறது, அங்க கூட்டினா இஞ்ச் இஞ்ச்சா நீளும். அப்ப ஒன்னோட ஒன்னு சேராது, ஸ்லீவ் மேல மடிப்பு மடிப்பா வரும். இந்த அக்கா என்ன பண்ணியிருக்காங்க, மடிப்பு வருதுன்னு ஸ்லீவைப் பிரிச்சு, தோள் வழியுதுன்னு ஷோல்டரை வெளிப்பக்கம் வெட்டி, அப்பவும் கை பிடிக்குதுன்னு அக்குள்ல ஆர்ம்ஹோலைத் தோண்டியிருக்காங்க. ரெண்டு தடவை. தோண்டின தடம் தெரியுது, கத்திரி போன இடத்துல ஜரிகை பிசிறு பிசிறா நிக்குது.

ஆர்ம்ஹோல் தோண்டினா கை லூஸ் ஆகும்னு யார் சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல. நேர் எதிர். அக்குள்ல இருந்து துணி எவ்வளவு கீழ போகுதோ அவ்வளவுக்கு கையைத் தூக்கும்போது பிளவுஸ் மொத்தமும் கூடவே மேல ஏறும். கோயில்ல கற்பூரத்தை ஒத்திக்க கையை நீட்டினா இடுப்புப் பட்டி மார்புக்கு வந்துடும். கை தூக்க வசதி வேணும்னா ஆர்ம்ஹோல் அக்குளுக்குக் கிட்ட, மேலதான் இருக்கணும், அகலத்தை ஸ்லீவ்ல குடுக்கணும்.

சரி, இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்தது? நான் நினைக்கிறேன், நம்ம ஊருல நிறைய பேர் முதல்ல தைச்சுப் பழகினது பாஜு குரோங், மலாய்ப் பெண்கள் போடுற லூஸான நீள உடுப்பு. பக்கத்து வீட்டு மாக்சிக், மலாய் அத்தை, சொல்லிக் குடுத்தது, இல்லன்னா ஸ்கூல்ல. பாரம்பரிய பாஜு குரோங் கட்டிங்கைப் பாருங்க, உடல் ஒரு நீளத் துண்டு, தோள்ல தையலே கிடையாது, மடிப்புதான். ஸ்லீவ் நேர்த் துண்டு, சைடுல பெசாக்னு பக்கத் துண்டு, அக்குள்ல கெக்கெக்னு ஒரு சதுரத் துண்டு. எல்லாம் நேர்கோடு, உடம்புக்கு மேல தாராளமா அஞ்சாறு இஞ்ச் லூஸ். அதுல ஒரு இஞ்ச் கூட்டினா இன்னும் கொஞ்சம் லூஸ் ஆகும், யாருக்கும் தெரியாது. அது அந்த உடுப்போட புத்திசாலித்தனம், துணியும் வீணாகாது, உடம்பு மாறினாலும் போடலாம். ஆனா சேலை பிளவுஸ் உடம்போட ஒட்டி நிக்கிறது, அதுல மொத்த லூஸே ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச்தான். குரோங்ல மன்னிச்ச தப்பை பிளவுஸ் மன்னிக்காது.

இன்னொரு கூட்டம் போட்டோஸ்டேட் கடைக்குப் போய் 111 சதவீதம்னு பெருசாக்கிட்டு வரும். 36 நாற்பதாகும், வாஸ்தவம். 14 இஞ்ச் ஷோல்டர் பதினஞ்சரை ஆகும், 15 இஞ்ச் முதுகு நீளம் பதினாறே முக்காலுக்குக் கிட்ட போகும். நீங்க குண்டானா உயரமும் ஏறுதா?

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. அமெரிக்கால எபனேசர் பட்டரிக்னு ஒரு தையற்காரர் 1863ல சைஸ் வாரியா பேப்பர் பேட்டர்ன் விக்க ஆரம்பிச்சார், அதுக்கு முன்னாடி பேட்டர்ன்னா பெரும்பாலும் ஒரே சைஸ்தான், நீங்களே வீட்டுல பெருசு பண்ணிக்கணும். சைஸ் சைஸா போட்டுக் குடுக்கிற வேலையே அந்தத் தலைவலிக்காக வந்ததுதான். அதை வாங்கி வச்சுக்கிட்டு மறுபடி பழைய தலைவலிக்கே போறது என்ன நியாயம்?

இந்த அக்காவுக்கு என்ன பண்ணியிருக்கணும்னா, முதல்ல ரெண்டு அளவு எடுத்திருக்கணும். ஒன்னு முழு மார்பு, இன்னொன்னு மேல் மார்பு, அதாவது டேப்பை அக்குளுக்குக் கீழ, மார்புக்கு மேல சுத்திப் பிடிக்கிறது. அவங்களுக்கு மேல 36, முழுசா 40. நான் போடுற பேட்டர்ன் எல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுல 2 இஞ்ச் வித்தியாசம்னு வச்சுப் போட்டது, பெரிய வெளிநாட்டு கம்பெனிங்களும் பெரும்பாலும் அப்படித்தான். அப்ப மேல் மார்பு 36ன்னா 38 சைஸ் பேட்டர்ன் எடுக்கணும். ஷோல்டர், கழுத்து, முதுகு, ஆர்ம்ஹோல் எல்லாம் அதுல உட்கார்ந்துடும். பாக்கி 2 இஞ்ச், அது முன்பக்கத்துக்கு மட்டும். பாதி முன்பக்கப் பேப்பர்ல டார்ட் முனையில இருந்து கீழ இடுப்பு வரைக்கும் ஒரு வெட்டு, மேல ஆர்ம்ஹோல் வரைக்கும் ஒரு வெட்டு, ஆர்ம்ஹோல் ஓரத்துல ஒரு நூல் அளவு விட்டுட்டு, சைடு டார்ட் நடுவுல ஒரு வெட்டு. வெட்டின பேப்பரை முனைகிட்ட 1 இஞ்ச் விரிச்சு, அடியில வேற பேப்பர் ஒட்டிடுங்க. டார்ட் தானாப் பெருசாகும், அது சரிதான், பயப்படாதீங்க, மார்புக்கு இடம் அங்க இருந்துதான் வருது. பின்பக்கத்தைத் தொடவே தொடாதீங்க. பேப்பரும் டேப்பும் செலவு, ஒரு மணி நேரம் வேலை, அவ்வளவுதான்.

அளவு எடுக்கும்போது தயவுசெய்து நீங்களே உங்களுக்கு எடுக்காதீங்க, கையைத் தூக்கினதும் டேப் முதுகுல சரிஞ்சிடும். வீட்டுல யாராவது பிடிக்கட்டும். அன்னைக்குப் போடப்போற உள்ளாடையையே போட்டுக்கிட்டு எடுங்க. "ரெடிமேட்ல நான் எல் சைஸ்"னு என்கிட்ட சொல்லாதீங்க, எனக்கு அது ஒரு தகவலே இல்ல. கடைக்குக் கடை எல் மாறும், இம்போர்ட் பேட்டர்ன்ல நம்பர் வேற மாதிரி, அமெரிக்கன் பேட்டர்ன் கவர்ல 14ன்னு போட்டிருந்தா அது 36 இஞ்ச் மார்பு. பழைய அளவு பிளவுஸைப் பிரிச்சு வச்சு வெட்டுறதும் அப்படித்தான், நாலு வருஷம் போட்ட துணி சைடு இழுத்து, கழுத்து விரிஞ்சு, அது உங்க உடம்பு அளவும் இல்ல, தைச்ச அன்னைக்கு இருந்த அளவும் இல்ல.

பிடிஎஃப் பேட்டர்ன் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிரிண்ட் போடும்போது ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம். "ஃபிட் டு பேஜ்" தொடவே கூடாது. அமெரிக்கன் லெட்டர் பேப்பர் நம்ம ஏ4 விட அகலம், அதை ஏ4ல அடக்கினா 97 சதவீதத்துக்குச் சுருங்கும், 40 இஞ்ச் பிளவுஸ் 39 கூட வராது. முதல் பக்கத்துல ஒரு சதுரம் போட்டிருப்போம் பாருங்க, அலங்காரத்துக்குப் போடல, ஸ்கேல் வச்சு அளந்து பார்க்கத்தான். போட்டோஸ்டேட் கடைல தம்பிகிட்ட பென் டிரைவ் குடுத்துட்டு வேடிக்கை பார்க்காம அங்கயே நின்னு அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதல்ல எடுத்து அளங்க. அப்புறம் தையலுக்கு ஓரத்துல இடம் விட்டிருக்கா இல்லையான்னு படிங்க. புர்டா மாதிரி ஜெர்மன் பத்திரிகை பேட்டர்ன்ல விடமாட்டாங்க, நீங்கதான் விடணும், அமெரிக்கன் பேட்டர்ன்ல ஏற்கனவே அஞ்சு அரைக்கால் (5/8) இஞ்ச் விட்டிருப்பாங்க. ரெண்டையும் குழப்பிக்கிட்டு அழுதவங்களைப் பார்த்திருக்கேன்.

பட்டுல வெட்டுறதுக்கு முன்னாடி பழைய பெட்ஷீட்ல ஒன்னு தைச்சுப் போட்டுப் பாருங்கம்மா. லைனிங், ஊக்கு எதுவும் வேணாம், பெரிய தையலா ஓட்டிட்டு முன்பக்கம் ஊசியால குத்திக்கிட்டு கையைத் தூக்கி, குனிஞ்சு, உட்கார்ந்து பாருங்க. டி-ஷர்ட் துணில பண்ணாதீங்க, அது இழுபடும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரி ஏமாத்தும். லைனிங் காட்டனைத் தண்ணில ஒரு தடவை நனைச்சுக் காயவச்சிட்டு வெட்டுங்க, இல்லன்னா முதல் துவைப்புல லைனிங் சுருங்கி பட்டு மட்டும் பையாட்டம் தொங்கும். சைடுல ஒரு இஞ்ச் மார்ஜின் விட்டு வைங்க, அடுத்த வருஷம் தேவைப்படும்.

ஏற்கனவே வெட்டியாச்சுன்னா, ஆர்ம்ஹோலை இன்னொரு தடவை தோண்டாதீங்க, அது ஒன்னுதான் கேக்கறேன். மிச்சம் இருக்கிற துணியை எறிஞ்சிடாதீங்க, குரோங்கோட கெக்கெக் மாதிரி அக்குள்ல ஒரு சின்னத் துண்டு வச்சா சில பிளவுஸைக் காப்பாத்தலாம், செந்தூல் அக்காவோடதை அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன், சேலை மறைக்கிற பக்கம் பரவாயில்ல, வலது பக்கம் கொஞ்சம் தெரியும், அவங்ககிட்ட சொல்லிட்டேன். மத்தவங்க துணியை வெட்டுறதுக்கு முன்னாடி கோடு போட்ட பேப்பரை தரையில விரிச்சு, பக்கத்துல டேப்பை நீட்டி வச்சு, மேல இருந்து நேரா ஒரு போட்டோ எடுத்து வாட்சப்ல அனுப்புங்க. பார்த்துச் சொல்றதுக்கு நான் காசு வாங்கறதில்ல.