துறைமுக கேட்டில் வண்டியை அடையாளம் காட்டும் டேக்: ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூர்த் துறைமுகங்களான பாசிர் பாஞ்சாங்கிலும் துவாஸிலும் கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுநர்களில் தமிழர்களும் உண்டு. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வந்து ஓட்டுகிறவர்களும் அவர்களில் சேர்த்தி. வண்டியில் இருக்கும் டேக் நாள் முழுக்க நம்மைப் பின்தொடர்கிறதோ என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. டேக்கால் அது முடியாது. என்ன முடியும் என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டால் கேட்டில் நேரமும் மிச்சம், வீண் பயமும் இல்லை.

இந்த டேக் ஆர்எஃப்ஐடி வகை, அதாவது வானலை மூலம் அடையாளம் சொல்லும் சின்னப் பட்டை. கண்ணாடியில் ஒட்டும் வகையில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோகக் கோடாக ஓர் ஆண்டெனா, நடுவில் கடுகளவு சிப், அவ்வளவுதான். கேட்டில் உள்ள ரீடர் வானலையை வீசும்போது, அந்த அலையின் சக்தியிலேயே சிப் உயிர்பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். வண்டி எண், கம்பெனி, அனுமதி எப்போது முடிகிறது என்பதெல்லாம் துறைமுகக் கணினியில் இருக்கும். டேக் தருவது அந்தப் பதிவைத் திறக்கும் எண்ணை மட்டுமே. ரீடரைச் சில மீட்டர் தாண்டிவிட்டால் டேக் பேசாது. பேட்டரி உள்ள வகைகள் இன்னும் தூரத்திலிருந்து கேட்கும் என்றாலும், அங்கேயும் ரீடர் இருக்கும் இடத்தில்தான் வேலை. மலேசியாவுக்குள் போகும் சிங்கப்பூர் கார்களுக்கு விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி டேக் கட்டாயமாகி, 2025 ஜூலை 1 முதல் அது இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் வந்ததே, அந்த டேக்கும் இதே தொழில்நுட்பம்தான்.

சரி, வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஆபீஸில் உட்கார்ந்தபடி பார்க்கிறார்களே, அது எப்படி? அது ஜிபிஎஸ். அந்தக் கருவியைப் பெரும்பாலும் உங்கள் கம்பெனி பொருத்தியிருக்கும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் (ஏஒய்இ) நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லக்கூடியது அதுதான். கேட் டேக்கோ எத்தனை மணிக்கு எந்த லேனில் உள்ளே வந்தீர்கள், எப்போது வெளியே போனீர்கள் என்பதைத்தான் சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை.

சிங்கப்பூரில் இது புதிதும் இல்லை. போர்ட்நெட் என்ற மின்னணுப் பதிவு முறை 1984லேயே வந்துவிட்டது. தாள் இல்லாத தானியங்கி கேட்டைத் துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ 1997இல் கொண்டுவந்தது. வண்டி ஒன்றுக்குச் சுமார் 25 விநாடி என்பது அதன் கணக்கு. லேனில் நுழைந்ததும் வண்டியில் பொருத்திய டிரான்ஸ்பாண்டர் (டேக் போலவே அடையாளம் சொல்லும் கருவி) எந்த வண்டி என்று சொல்லிவிடும். எடை மேடை எடையைப் பார்க்கும். கொள்கலன் மேல் எழுதியிருக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்க எண்ணை கேமரா படிக்கும். ஓட்டுநர் யார் என்பது தனியாகச் சரிபார்க்கப்படும். எல்லாம் ஒத்துப்போனால், கொள்கலன்களை அடுக்கும் யார்டில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற தகவல் ஓட்டுநருக்கு வந்துவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். டேக்குக்கு வண்டியைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. பதிவு செய்த வேலை ஒரு வண்டிக்கு, வந்து நிற்பது இன்னொரு வண்டி என்றால், உங்கள் பாஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் கணினிக்குக் கணக்கு ஒத்துவராது. கடைசி நேரத்தில் வண்டி மாறினால் புறப்படுவதற்கு முன்பே கம்பெனியில் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினால், ஒட்டியிருந்த டேக்கும் பழைய கண்ணாடியோடு போய்விடும். உரித்து எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டலாம் என்று பார்க்காதீர்கள், அந்த ஆண்டெனாக் கோடு அறுந்துவிடும். புது டேக்தான் வழி. உலோகம் கலந்த வெயில் பிலிம் அலையைத் தடுக்கும் என்பதையும் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு கேட்டில் போகும் அரை மணி நேரம் கைக்காசு. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் பாதுகாப்பு. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான அனைத்துலக விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். அங்கே காவலில் இருப்பவர்கள் அடையாளம் கேட்கலாம், வண்டியைச் சோதிக்கலாம். அடுத்தவர் பாஸில் உள்ளே போவதோ, உதவியாளர் என்று சொல்லி ஒருவரைக் கூட்டிப்போவதோ வேலைக்கே உலை வைத்துவிடும்.

2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஆளில்லா வண்டிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இதே நுட்பம் தலைகீழாக இருக்கிறது: டேக் தரையில் பதிந்திருக்கும், ரீடர் வண்டியில் இருக்கும். தரையைப் படித்துத்தான் அந்த வண்டி தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. நகரத்து முனையங்கள் 2027க்குள் துவாஸுக்கு மாறுவதாகத் திட்டம்.

அப்புறம், உங்கள் உரிமை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் துறைமுக நிறுவனங்களுக்கும் போக்குவரத்துக் கம்பெனிகளுக்கும் பொருந்தும். அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. வேலை நிர்வாகத்துக்காக உங்கள் தகவலைச் சேர்க்க முதலாளி சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எதற்காகச் சேர்க்கிறார் என்று உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். உங்களைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறார்கள், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். சில விதிவிலக்குகள் உண்டு, நியாயமான கட்டணமும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தருவோம் என்பதையாவது எழுத்தில் சொல்ல வேண்டும். கேட் நேரத்தை வைத்துச் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள் என்றால், முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள்.