ஊதினால் 31 காட்டுகிறது: ப்ரீத் அனலைசரை எவ்வளவு நம்பலாம், சட்டம் என்ன சொல்கிறது?

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பாய்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஹெல்மெட் அபராதம் மாதிரி ரோட்டிலேயே கட்டி முடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே முக்கியச் சாட்சி பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்தான்: கருவியிலிருந்து வந்த பிரிண்ட்.

அந்தக் கருவி ரத்தத்தைத் தொடுவதே இல்லை. மூச்சில் இருப்பதைப் போல 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற பொதுக் கணக்கில் ஓடுகிறது. அதன்படி 30 மில்லிகிராம் என்பது ஒரு லிட்டர் மூச்சில் வெறும் 0.14 மில்லிகிராம். இந்த 2,100 எல்லோருக்கும் எந்நேரமும் பொருந்தாது. குடித்த கொஞ்ச நேரத்தில், ஆல்கஹால் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது, கருவி கூட்டிக் காட்டலாம். நேரம் போகப் போகக் குறைத்துக் காட்டுவதே அதிகம். வெளிவரும் மூச்சின் வெப்பம் 34 டிகிரி செல்சியஸ் என்றும் வைத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலில் ஒரு டிகிரி கூடினால் அளவு ஏறக்குறைய 6.5 சதவீதம் ஏறும். அப்படிப் பார்த்தால் 31 என்று வந்தது உண்மையில் 29. ஆனால் 150 காட்டியவருக்கு இந்த வாதம் எதற்கும் உதவாது.

பெரிய பிசகு வாயில்தான். மவுத்வாஷ், ஆல்கஹால் கலந்த சிரப், ஏப்பத்தோடு மேலே வந்தது எல்லாம் வாயில் தங்கியிருக்க, கருவி அதையும் நுரையீரல் மூச்சாகவே எண்ணும். 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்தால் இது அடங்கிவிடும். அதனால் உடனே சொல்லி, இடைவெளி விட்டு இன்னொரு முறை ஊதக் கேளுங்கள். 203-வது பிரிவே ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட’ மூச்சு மாதிரிகள் என்றுதான் சொல்கிறது. முதலில் 60, கால் மணி நேரம் கழித்து 10 என்று வந்தால், முதலாவது வாயிலிருந்து வந்தது.

கருவியிலும் ரகம் உண்டு. ஃபியூயல் செல் சென்சார் உள்ளது, சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனைப் பொருட்படுத்தாது. மலிவான செமிகண்டக்டர் ரகம் அதையும் ஆல்கஹாலாக எண்ணக்கூடும்.

ஊதுமுன் பார்க்க வேண்டியவை: உங்கள் கண்முன் உறை பிரித்த புதுக் குழல், திரையில் பூஜ்யம். ஊதியபின் பிரிண்டில் கருவியின் சீரியல் எண், சோதனை எண், தேதி, நேரம். கருவியின் கடிகாரம் தப்பாக ஓடுகிறதா என்று அங்கேயே கைபேசியோடு ஒத்துப் பாருங்கள். தெர்மல் காகிதம் நாளாக ஆக வெளுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

ஊத மாட்டேன் என்று நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. நியாயமான காரணமின்றி மறுத்தால், 205-வது பிரிவின்படி அதுவே அரசுத் தரப்புக்குத் துணைச் சான்றாகிவிடும். 185-இல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்; நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202. 204-இன்கீழ் ரத்தம் எடுக்கும்போது பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர் எடுக்க வேண்டும், அல்லது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. குப்பியில் ஃபுளோரைடு இருக்க வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். இல்லையேல் கிருமிகள் குப்பிக்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம். லேப் அளந்தது முழு ரத்தமா, சீரமா (ரத்த அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் நீர்ப்பகுதி) என்றும் பாருங்கள். சீரத்தில் அளவு கூடுதலாகத்தான் வரும்.

கோர்ட்டில் கேட்க வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று, அதே சீரியல் எண்ணுக்கு, சோதனை நாளன்று செல்லுபடியாக இருந்த கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்று. இன்னொன்று, அந்த ரகக் கருவிக்கு மத்திய அரசு கெஜட்டில் தந்த ஒப்புதல். 203-இன் விளக்கக் குறிப்பு அப்படி ஒப்புதல் பெற்ற ரகக் கருவியில் நடந்த சோதனையைத்தான் ‘மூச்சுச் சோதனை’ என்கிறது. இவற்றைப் பார்க்குமுன் ‘கட்டிவிட்டுப் போகலாம்’ என்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும். அடுத்த தடவை இரண்டாம் குற்றக் கணக்குதான்.

இதேபோல் கருவியை நம்பி வருவது வேகக் கேமரா சலான். அதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 167ஏ. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்று வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். ரேடார் சாய்கோணத்தில் பார்த்தது என்று வாதாடாதீர்கள், ரோட்டோரம் நிற்கும் ரேடாரில் கோணம் வேகத்தைக் குறைத்தே காட்டும். படத்தை வாங்கிப் பாருங்கள்: பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடுகிறதா, நம்பர் பிளேட் உங்களுடையதுதானா.