சிறிய ஸ்பீக்கரை அளப்பது எப்படி?

"50 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று ஸ்பீக்கர் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கொண்டு அதன் தரத்தை அறிய முடியாது. ஒலியளவில் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த எல்லை அமைகிறது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

1970-களில் பிபிசி நிறுவனம் தன் ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்கென வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ. இதைச் சாதாரண அறையில் அளக்க முயன்றால், தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்தே மைக்கில் பதிவாகும். ஸ்பீக்கரையும் மைக்கையும் 1.2 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால், தரையில் பட்டு வரும் ஒலி நேரொலியைவிட 1.6 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, ஏறத்தாழ 4.7 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். அதற்கு முன் வந்ததை மட்டும் கணினியில் வெட்டியெடுத்தால் அறையின் குறுக்கீடு நீங்கிவிடும். ஆனால் அவ்வளவு குறுகிய துண்டில் ஓர் அலைகூட முழுமை பெறாததால், 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் நம்பிப் படிக்க இயலாது.

ஆகவே தாழ்ந்த ஒலிகளுக்கு மைக்கை, அவற்றை எழுப்பும் பெரிய ஒலிப்பானான வூஃபரின் கூம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவுக்கே கொண்டுசெல்கிறார்கள். அங்கே நேரொலி மிக வலுவாக இருப்பதால் அறையின் பங்கு அற்பமாகிவிடும். இரு அளவீடுகளையும் ஒட்டவைக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர்; 19 செ.மீ. அகல முன்பலகை அதைத் தடுக்க முடியாததால், ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் பரவி, முன்பக்கத்தில் 6 டெசிபல் வரை குறைகிறது. கூம்பருகே வைத்த மைக்குக்கு இந்த இழப்பு தெரியாது. திருத்தம் செய்யாமல் ஒட்டினால், சின்னஞ்சிறு பெட்டிக்குப் பெரிய பெட்டியின் பேஸ் (தாழ்ந்த ஒலி) இருப்பதுபோல் வரைபடம் பொய் சொல்லும்.

இவ்வளவு பாடுபட்டு விலக்கிய அறையை முற்றிலும் மறந்துவிடவும் முடியாது, ஏனெனில் கேட்பவர் அறைக்குள்தான் அமர்ந்திருக்கிறார். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் நடத்திய சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாமலே கேட்டவர்கள், நேர் எதிரே சீராகவும் பக்கவாட்டிலும் திடீர் மாற்றமின்றியும் ஒலிப்பவற்றையே பெரும்பாலும் விரும்பினர். இன்று கிடைமட்டத்திலும் செங்குத்திலும் 10 டிகிரிக்கு ஒன்றாக 70 கோணங்களில் அளப்பது இதனால்தான்.

எல்எஸ்3/5ஏ-வில் வூஃபரிடமிருந்து, உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டர் பொறுப்பேற்பது சுமார் 3,000 ஹெர்ட்ஸில். அங்கே அலைநீளம் 11 செ.மீ., ஏறக்குறைய வூஃபரின் அகலமே. அதனால் வூஃபரின் ஒலி முன்னோக்கிக் குவியத் தொடங்கும் வேளையில், சிறிய ட்வீட்டர் அகலப் பரப்புகிறது. நேர் எதிரே மட்டும் அளந்தவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.